இந்த வருடம் பிடித்த பாட்டுகள்: ஒன்று தப்பு மேளத்தோடு, ஒன்று வெறும் குரலில்

சினிமா சாராத, இப்போதுதான் தலைகாட்டுகிற கலைஞர்களின் பாட்டுகளில் இந்த வருடம் பிடித்தவை எவை என்று கேட்டிருக்கிறீர்கள். பத்துப் பாட்டுக்குப் பட்டியல் போடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். போனை எடுத்து, எதைத் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறேன் என்று பார்த்தால் இரண்டுதான் தேறின. மூன்றாவது ஒன்று உண்டு, ஆனால் அது இந்த வருடத்துப் பாட்டில்லை.

நான் இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கம். முதல் பாட்டு பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பையன்கள் இரண்டு பேர் போட்டது. பெயர் எழுதமாட்டேன். ஒருவனுடைய அம்மா இன்னும் அதே தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறார்; பாட்டோ முழுக்க, வேலையை மேற்பார்க்கிற கணக்கப்பிள்ளையை நக்கலடிக்கிறது.

விஷயம் அரைப்பேர். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு நாளைக்கு இத்தனை கிலோ கொழுந்து என்று தோட்டம் ஒரு கணக்கு வைத்திருக்கும். எங்கள் தோட்டத்தில் 18. அதற்குக் குறைந்தால் செக்ரோலில், அதாவது வேலை நாள் பதிகிற பேரேட்டில், அரை நாள்தான் விழும். அதுதான் அரைப்பேர். 2021இல் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் ஆனது, 2024இல் 1,350 ஆனது என்றெல்லாம் செய்தியில் படித்திருப்பீர்கள். அதெல்லாம் முழுப்பேர், அதாவது முழு நாள், விழுந்தவருக்கு. பையன்கள் இதை மேடைப் பேச்சாக ஆக்கவில்லை, அதுதான் கெட்டிக்காரத்தனம். பல்லவி என்று ஒன்றும் கிடையாது. கொழுந்து நிறுக்கும்போது கிலோவைக் கூவுகிற அதே இழுவையில், "ஆறு... அஞ்சே முக்கா... ஈரத்துக்கு ஒண்ணு கழி..." என்று வரும். மூன்றாவது தடவை வரும்போது கழிக்கிறதுதான் இருக்கும், கிலோ இருக்காது.

அதைவிட முக்கியம் தப்பு, பறை போன்ற தோல் மேளம். மற்றவர்கள் போனில் பீட் போட்டுவிட்டு, அதன் டிக் டிக்குக்குத் தப்பை அடிக்கச் சொல்வார்கள். தப்பு அங்கேயே செத்துவிடும். இவர்கள் தப்பை முதலில் அடித்து எடுத்துக்கொண்டு, அதற்கு மேல்தான் பீட் போட்டார்கள். அடித்தவர் காமன் கூத்துக்கு, மன்மதன் கதையை ஆடுகிற எங்கள் தோட்டத்துக் கூத்துக்கு, அடிக்கிற மாமா. மாசியில் காமன் ஊன்றினதிலிருந்து மன்மதன் எரிகிற இரவு வரைக்கும் ஆட்டத்தோடு சேர்ந்து ஏறி இறங்கிப் பழகிய கை அது. பாட்டு முடிகிற இடத்தில் வேகம் தொடக்கத்தில் இருந்ததைவிட நன்றாகக் கூடியிருக்கும். இசை படித்தவர்கள் குற்றம் சொல்வார்கள். சொல்லட்டும்.

பதிவு செய்த இரவுகளில் ஒன்றில் நானும் போயிருந்தேன். லயத்துக் காம்பராவில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டு அறையில், கதவைச் சாத்தி, கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு ஒருவன் போனுக்குள் பாடினான். தகரக் கூரையில் மழை விழத் தொடங்கினால் நிறுத்த வேண்டும். எங்கள் பக்கத்து மழைக்கு இரவில் எத்தனை தடவை நிறுத்துவது? பனி வேறு. தோல் தளர்ந்து தப்பு தொப்பென்று கேட்டது. மாமா இஸ்தோப்பில், வாசல் திண்ணையில், தேயிலை மிளாறை, காய்ந்த குச்சியை, கொளுத்தி, தப்பைச் சுற்றிச் சுற்றிக் காட்டி, விரலால் சுண்டிப் பார்த்துப் பார்த்துச் சூடேற்றினார். ஒரு சூட்டுக்கு ஒரு பாட்டுத் தூரம் தாங்கும், அப்புறம் மறுபடி நெருப்பு. பாட்டின் நடுவில் ஓரிடத்தில் படபடவென்று ஒரு சத்தம் கேட்கும். எல்லோரும் அதை ஆப்பில் செய்த வித்தை என்று நினைக்கிறார்கள். மிளாறு வெடிக்கிற சத்தம்.

அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். முப்பத்தொரு வருடம் கூடை சுமந்தவர். ஒரு தடவை கேட்டுவிட்டு, "ஈரத்துக்கு மட்டுந்தான் கழிக்கிறானா? சாக்கு நிறைக்குக் கழிக்கிறத விட்டுட்டானே" என்றார். பையனிடம் சொன்னேன். "அடுத்த பாட்டுல சேத்துர்றேன்ணே" என்றான்.

இரண்டாவது பாட்டில் வாத்தியமே கிடையாது. பல்கலைக்கழகத்தில் படிக்கிற ஒரு பிள்ளை, தன் அப்பாயி பாடின தாலாட்டைப் பாடி டிக்டொக்கில் போட்டிருந்தது. ஒன்றரை நிமிடம். நடுவில் ஒரு வரி மறந்துபோய், பக்கத்தில் படுத்திருக்கிற அப்பாயி எடுத்துக் கொடுக்கிற சத்தமும் அதிலேயே இருக்கிறது. இரண்டு மாதம் கழித்து யாரோ சொல்லிக் கொடுத்து வயலின், புல்லாங்குழல் எல்லாம் சேர்த்து இன்னொன்று வெளியிட்டது. அதில் அப்பாயியை வெட்டிவிட்டார்கள். அதைக் கேட்கவேண்டாம்; பழையதைத் தேடிக் கேளுங்கள்.

இந்த இடத்தில் ஒரு எரிச்சலையும் கொட்டிவிடுகிறேன். மலையகப் பாட்டு என்று வருகிறவற்றில் பாதிக்கு மேல் ட்ரோன் படம்தான். பச்சைப் பசேல் என்று மலை, வளைந்து போகிற கோச்சி ரயில், பொட்டு வைத்துச் சிரித்துக்கொண்டு கொழுந்து கிள்ளுகிற ஒரு பெண். அட்டை கடித்த கால் ஒன்றைக்கூடக் காட்டமாட்டார்கள். வாயைத் திறந்தால் சென்னைத் தமிழ். ஒரு பையனிடம் கேட்டதற்கு, நம்ம பேச்சில் போட்டால் வெளியில் ஓடாது என்றான். அரைப்பேர் பாட்டு ஓடியதா என்று என்னைக் கேட்காதீர்கள். போன வாரம் பார்த்தபோது ஆயிரத்துச் சொச்சம் பேர் பார்த்திருந்தார்கள். அதில் ஐம்பது தடவையாவது நான் பார்த்ததாக இருக்கும்.

சரி, மூன்றாவது. தமிழ்நாட்டு ராப் பாடகர் அறிவு 2024இல் வெளியிட்ட 'வள்ளியம்மா பேராண்டி' தொகுப்பு. அவரை வளர்ந்துவரும் கலைஞர் என்று இனிச் சொல்ல முடியாது. 2021 மார்ச்சில் 'என்ஜாய் எஞ்சாமி' வந்தபோதே அவருடைய பாட்டி இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர் என்று எங்கள் வீடு வரைக்கும் செய்தி வந்துவிட்டது. ஆனால் இந்தத் தொகுப்பை நான் உட்கார்ந்து கேட்டது இந்த வருடம்தான். கேட்டபோது அம்மாயியின் தங்கச்சி ஞாபகம். மலையகத் தமிழரில் பலரை இந்தியாவுக்கு அனுப்ப வழிசெய்த 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்கு அப்புறம் இந்தியாவுக்குப் போகப் பதிந்து, தலைமன்னார் வரை கோச்சியில் போய்க் கப்பலேறி, கடைசியில் நீலகிரியில் கூடலூர்த் தேயிலைத் தோட்டத்தில் போய் நின்றவர். அங்கே அவர்களைச் சிலோன்காரர்கள் என்பார்களாம். இங்கே எங்களை இந்தியாக்காரர்கள் என்றார்கள். அந்தப் பாட்டியின் பேத்தி ஒருத்தி வாட்சப்பில் இருக்கிறாள். அரைப்பேர் பாட்டை அவளுக்கு அனுப்பினேன். "மாமா, எங்க ஊர்லயும் இப்படித்தான் கழிப்பாங்க" என்று பதில் போட்டிருந்தாள்.

போன மாதம் ஹட்டனுக்குப் போகிற பஸ்ஸில், எந்நேரமும் சினிமாப் பாட்டே ஓடுகிற அந்த பஸ்ஸில், திடீரென்று "ஆறு... அஞ்சே முக்கா..." என்று கேட்டது. கண்டக்டர் பையன் எங்கோ பென்டிரைவில் ஏற்றியிருக்கிறான். பின் சீட்டில் இருந்த அக்காமார் நாலு பேர் மூன்றாவது தடவைக்குள் கழிக்கிறதைப் பிடித்துக்கொண்டு கூடவே கூவத் தொடங்கினார்கள். முன் சீட்டில் எங்கள் டிவிசன் கணக்கப்பிள்ளை, ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.