ஒரே டாக்டர், ஒரே சிபிடி கோடு (என்ன வைத்தியம் என்பதைச் சொல்லும் எண்). வொர்க்கர்ஸ் காம்ப் (வேலையில் அடிபட்டவருக்கான காப்பீடு) க்ளைமில் கிளினிக்குக்குக் கிளினிக் பணம் மாறுவது ஏன்?

கேள்வியைப் பார்த்தால் ஏஆரில் (வராத பணத்தை இன்சூரன்ஸ் கம்பெனியிடம் கேட்டு வாங்கும் வேலை) புதிதாகச் சேர்ந்தவர் மாதிரி தெரிகிறது. டீம் லீடரிடம் கேட்டிருப்பீர்கள், "அவ்வளவுதான் வரும், க்ளோஸ் பண்ணு" என்றிருப்பார். பண்ணாதீர்கள்.

நான் சென்னையில் உட்கார்ந்து கலிபோர்னியா க்ளைம்கள் பார்த்தவள். அங்கே வேலையில் அடிபட்டவருக்கு வைத்தியம் பார்த்தால் டாக்டருக்கு என்ன தொகை என்பதை மாநிலத்தின் ஃபீ ஷெட்யூல்தான் (கட்டணப் பட்டியல்) சொல்லும். 2018 வரை மாநிலம் முழுக்க ஒரே சராசரிக் கணக்கு. 2019 ஜனவரி 1 முதல் முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் போலவே பகுதிவாரியாக ஆக்கிவிட்டார்கள். டாக்டரின் உழைப்பு, கிளினிக் நடத்தும் செலவு, மால்பிராக்டிஸ் காப்பீடு என்று மூன்றுக்கும் பகுதிக்கொரு குறியீடு. இதில் கிளினிக் செலவுதான் தொகையை அதிகம் ஆட்டி வைக்கும். சான் ஹோசே வாடகை ஃப்ரெஸ்னோவில் ஏது?

பகுதி என்றால் நோயாளியைப் பார்த்த இடம், அதாவது க்ளைம் ஃபார்மில் பாக்ஸ் 32. செக் போகிற அலுவலகம் பாக்ஸ் 33. வம்பு இங்கேதான்.

என் கையில் வந்தது ஒரு 99214, பழைய நோயாளி கிளினிக்குக்கு வந்து டாக்டரைப் பார்ப்பதற்கான கோடு. பார்த்தது சான் ஹோசேயில், பில்லிங் ஆபீஸ் ஃப்ரெஸ்னோவில். ஃபார்ம் சரியாகத்தான் போயிருந்தது, பணம் மட்டும் குறைச்சல். இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போன் போட்டால், "ஃபீ ஷெட்யூல்படி கொடுத்தாச்சு" என்று கிளிப்பிள்ளையாட்டம் ஒரே பதில். "எந்த ஜிப் கோடு (அந்த ஊர் பின்கோடு) வைத்துக் கணக்குப் போட்டீர்கள், படியுங்கள்" என்றேன். ரொம்ப நேரம் ஹோல்டில் போட்டுவிட்டு வந்து படித்தார். ஃப்ரெஸ்னோ ஜிப்! ஈஓஆர் (எவ்வளவு கொடுத்தார்கள், ஏன் என்று சொல்லும் விளக்கத் தாள்) வந்ததிலிருந்து 90 நாளுக்குள் செகண்ட் ரிவ்யூ, அதாவது மறுபரிசீலனை கேட்க வேண்டும். அதற்கான எஸ்பிஆர்-1 ஃபார்மோடு பாக்ஸ் 32-ஐக் காட்டி அனுப்பினோம், மிச்சப் பணம் வந்தது. அதே டாக்டரின் பழைய க்ளைம்களையும் தோண்டினேன். கெடு தாண்டாதவற்றுக்கும் வந்தது.

பாக்ஸ் 24பி-யையும் பாருங்கள். 11 என்றால் கிளினிக், 22 என்றால் மருத்துவமனை வளாகத்து வெளிநோயாளிப் பிரிவு. 22-க்கு டாக்டர் தொகை பெரும்பாலும் குறையும், இடத்துச் செலவு அவருடையது இல்லையே.

"எங்கள் ஸ்டேட்டில் இப்படி இல்லை" என்று யாரும் கமென்ட்டில் பாய வேண்டாம். நான் சொன்னது கலிபோர்னியாவுக்கு. நியூயார்க்கில் ஜிப் கோடு வைத்து நாலு பிரிவு. நியூ ஜெர்சியில் டாக்டருக்கு ஃபீ ஷெட்யூலே கிடையாது, அது தனிப் பஞ்சாயத்து.

அப்புறம், இவ்வளவு செய்ததற்கு என்ன கிடைத்தது தெரியுமா? அந்த போன் காலில் "டெட் ஏர்" (பேச்சில்லாத நேரம்) அதிகம் என்று எங்கள் க்யூஏவில் (தரச் சோதனை) மார்க் வெட்டினார்கள். ஹோல்டில் போட்டது இன்சூரன்ஸ்காரர்கள், நான் என்ன பாட்டா பாட முடியும்? அந்த மாத இன்சென்டிவ் போச்சு. க்ளையன்ட் அனுப்பிய பாராட்டு மெயிலில் டீம் லீடர் பெயர் இருந்தது.