ட்வைனில் செய்யலாம், நான் பட்ட பாட்டையும் கேளுங்கள்

"கோடிங் தெரியாது. படம், ஒலி வைத்து, படிப்பவரே வழியைத் தேர்ந்தெடுக்கிற மாதிரி வெப்சைட் செய்ய முடியுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். யாரோ உங்களிடம் பெரிய தொகை கேட்டிருப்பார்கள், அதனால்தான் இங்கே வந்திருக்கிறீர்கள். என்னிடமும் கேட்டார்கள்.

நான் எடுத்துக்கொண்டது ட்வைன், கிளை பிரியும் கதைகள் எழுதுகிற மென்பொருள். கிறிஸ் கிளைமாஸ் 2009இல் வெளியிட்டது, இலவசம். ஒவ்வொரு பக்கமும் திரையில் ஒரு கட்டம். அதற்குள் நாலு வரி எழுதி, அடுத்த பக்கத்தின் பெயரை இரட்டைச் சதுர அடைப்புக்குள் போட்டால் அது இணைப்பாகிவிடும். அந்தப் பெயரில் புதுக் கட்டமும் தானாக வந்து நிற்கும். கடைசியில் பப்ளிஷ் கொடுத்தால் எல்லாம் ஒரே எச்டிஎம்எல் கோப்பு, பிரவுசரில் திறக்கிற வலைப்பக்கம். படமும் ஒலியும் மட்டும் தனியாக இருக்கும், அவற்றையும் சேர்த்து இணையத்தில் ஏற்ற வேண்டும்.

நான் செய்தது எங்கள் ஊர் ஏரியை. கரையோடு நடந்தால் கூழைக்கடா. மதகுப் பக்கம் இறங்கினால் நத்தைகுத்தி நாரை, அலகைத் தட்டும் சத்தத்தோடு. இரண்டு மாதம், அறுபது கட்டம். பிரவுசரிலேயே எழுதினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சினர் மகன் வந்து, "மாமா, சிஸ்டம் ஸ்லோவா இருக்கு" என்று பிரவுசரைத் துப்புரவாகத் துடைத்துக் கொடுத்துவிட்டான். கதை சேமிப்பில் இருந்தது அந்தப் பிரவுசருக்குள் மட்டும்தான். அறுபதும் போச்சு. ஒரு தடவை பப்ளிஷ் செய்திருந்தால்கூட அந்தக் கோப்பைத் திரும்ப இம்போர்ட் செய்திருக்கலாம். பையனைத் திட்டவும் முடியவில்லை, உதவி கேட்டதே நான்தான். நீங்கள் கணினியில் நிறுவும் பதிப்பை எடுங்கள், இல்லாவிட்டால் தினமும் ஆர்ச்சைவ், அதாவது கதைகளின் நகல் கோப்பு, எடுங்கள்.

மறுபடி எழுதி ஏற்றினால் நாரை ஊமை. வீட்டுக் கணினியில் கேட்ட சத்தம் தளத்தில் இல்லை. ஒலிக் கோப்பின் பெயரில் ஒரு ஆங்கிலப் பெரிய எழுத்து, கதைக்குள் நான் எழுதியது சின்ன எழுத்து. வீட்டு விண்டோஸ் கண்டுகொள்ளாது, தளம் இருக்கும் லினக்ஸ் சர்வர் விடாது. அப்புறம், பக்கம் திறந்ததும் தானாக ஒலிக்க வேண்டுமென்று ஆசைப்படாதீர்கள், பிரவுசர்கள் தடுத்துவிடும். முதலில் ஒரு பொத்தானை அழுத்த வையுங்கள்.

"இதெல்லாம் வெப்சைட்டா, விளையாட்டுக் கதை எழுதுகிற கருவி" என்று சிலர் வருவார்கள். சரி, கடை வைக்க இது ஆகாது, நானும் கடை வைக்கச் சொல்லவில்லை.

இன்னொன்று. அந்த நாரைச் சத்தத்தை விடியற்காலையில் சேற்றில் நின்று பதிவு செய்தேன். போன மாதம் எங்கள் தெரு வாட்ஸப் குழுவிலேயே வேறொருவர் பெயரில் வந்தது. "சூப்பர் சார்" என்று அவருக்கு பதினேழு பேர்.