கட்சி இல்லாமல் கவுன்சிலர் ஆக முடியுமா? சுயேச்சையாக நிற்க நினைப்பவர்களின் கேள்விகளும் பதில்களும்

தமிழ்நாட்டில் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் கடைசியாக நடந்தது 2022 பிப்ரவரி 19. ஜெயித்தவர்கள் மார்ச் 2 அன்று பதவியேற்றார்கள். அந்த ஐந்தாண்டுக் கணக்கு 2027 மார்ச்சோடு முடிகிறது. "எங்கள் ஏரியாவுக்காக நாங்களே ஒருவரை நிறுத்தலாமா?" என்று கேட்பவர்கள் இப்போதே வர ஆரம்பித்துவிட்டார்கள். 2022-ல் ஒரு சுயேச்சை வேட்பாளருக்குத் தலைமை ஏஜென்டாக அலைந்தவன் நான். குடியிருப்போர் சங்க வேலை அதற்கு முன்பிருந்தே உண்டு. வந்த கேள்விகளுக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்.

வேளச்சேரியிலிருந்து ஒருவர்: அண்ணா, சுயேச்சைக்கு ஓட்டே விழாது, வீண் வேலை என்று வீட்டில் சொல்கிறார்கள். உண்மையா?

சென்னையைப் பொறுத்தவரை வீட்டில் சொல்வதைத் தள்ளிவிட முடியாது. 2022-ல் 200 வார்டில் திமுக மட்டும் 153. சுயேச்சைகள் 5 பேர். அப்புறம் ஒன்று, சுயேச்சை என்று பட்டியலில் வருபவர்கள் எல்லோரும் கட்சி வாசனையே படாதவர்கள் இல்லை. சீட் கிடைக்காத கோபத்தில் தனியாக நிற்பவர்களும் அந்தக் கணக்கில்தான் வருவார்கள். அவர்களுக்குப் பின்னால் பல வருடம் கட்சியில் கட்டிய ஆள்பலம் இருக்கும். உங்களுக்கு அது இருக்காது.

ஆனால் கணக்கை இன்னொரு பக்கமிருந்தும் பாருங்கள். சென்னையில் மொத்த வாக்காளர்கள் சுமார் 61 லட்சம். ஒரு வார்டுக்குச் சராசரியாக 30 ஆயிரம். அன்றைக்கு ஓட்டுப் போட வந்தவர்கள் ஏறத்தாழ 43 சதவீதம்தான். அப்படியானால் ஒரு வார்டில் விழுவது 13 ஆயிரம் ஓட்டு. நாலைந்து பேர் வலுவாக நின்று பிரித்தால் ஐயாயிரத்தை ஒட்டியே முடிவு வந்துவிடும். ஐயாயிரம் என்பது ஒரு மனிதரால் நேரில் சந்திக்க முடிகிற எண்ணிக்கை. ஒரு வருடம் வேண்டும், அவ்வளவுதான்.

சிக்கல் என்னவென்றால், வராத அந்த 57 சதவீதத்தில்தான் உங்கள் இயல்பான ஆதரவாளர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அடுக்குமாடி வாட்ஸ்அப் குழுவில் "வெற்றி நமதே" என்று எழுதுகிறவரின் ஓட்டு மதுரையில் இருக்கும், இல்லாவிட்டால் பட்டியலிலேயே இருக்காது. அதனால் முதல் வேலை, உங்கள் ஆதரவாளர்களின் பெயரை வாக்காளர் பட்டியலில் சேர்ப்பது. சட்டமன்றத் தொகுதிப் பட்டியலை அடிப்படையாக வைத்துத்தான் வார்டு பட்டியல் தயாராகிறது. தேர்தல் அறிவிப்பு வந்த பிறகு ஓடினால் நேரம் போதாது.

பேரூராட்சியில் நிலைமையே வேறு. அங்கே பல வார்டுகளில் மொத்த வாக்காளர்களே ஆயிரத்துச் சொச்சம்தான். 2022-ல் பேரூராட்சிகளில் சுயேச்சைகள் நூற்றுக்கணக்கில் ஜெயித்தார்கள். உங்கள் ஊர் பேரூராட்சி என்றால் தைரியமாக நில்லுங்கள் என்பேன். மாநகராட்சி என்றால் கொஞ்சம் யோசித்துவிட்டு நில்லுங்கள் என்பேன்.

தாம்பரத்திலிருந்து ஒரு தம்பி: என் ஓட்டு ஒரு வார்டில், நான் வேலை செய்வது பக்கத்து வார்டில். எங்கே நிற்கலாம்?

அந்த மாநகராட்சியின் பட்டியலில் பெயர் இருந்தால் எந்த வார்டிலும் நிற்கலாம். முன்மொழிபவர்தான் அந்த வார்டின் வாக்காளராக இருக்க வேண்டும். வயது 21 நிறைந்திருக்க வேண்டும்.

ஆனால் 2021 அக்டோபரில் கோவை குருடம்பாளையம் ஊராட்சியில் நடந்ததை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வேட்பாளருக்கு ஒரே ஒரு ஓட்டு விழுந்து, நாடே சிரித்தது. குடும்பமே ஓட்டுப் போடவில்லை என்று கிண்டல் செய்தார்கள். உண்மையில் அவர் குடும்பத்துக்கு ஓட்டு வேறு வார்டில் இருந்தது. விளக்கம் சொல்லிப் பயனில்லை, மீம்ஸ் முந்திக்கொண்டது. வேலை செய்த வார்டில் நிற்பதே சரி. உங்களுக்காக வீடு வீடாக வருகிறவர்களுக்காவது அந்த வார்டில் ஓட்டு இருக்க வேண்டும்.

திருப்பூரிலிருந்து: எவ்வளவு செலவாகும்? உள்ளதைச் சொல்லுங்கள்.

2022 கணக்குப்படி டெபாசிட் மாநகராட்சி வார்டுக்கு 4,000 ரூபாய், நகராட்சிக்கு 2,000, பேரூராட்சிக்கு 1,000. பட்டியல் சாதி, பழங்குடி வேட்பாளர்களுக்கு இதில் பாதி. செலவு உச்சவரம்பு சென்னைக்கு 90 ஆயிரம், மற்ற மாநகராட்சிகளுக்கு 85 ஆயிரம், பேரூராட்சிக்கு 17 ஆயிரம். அடுத்த முறை மாறலாம், அறிவிப்பு வந்ததும் சரிபாருங்கள்.

பெரிய கட்சிகள் இந்த வரம்பை எப்படி மதிக்கின்றன என்பது ஊரறிந்த கதை. அதைப் பார்த்து நீங்கள் கடன் வாங்கி ஈடுகொடுக்கப் போனால் வீடு போகும், வார்டும் வராது. வரம்புக்குள்ளேயே சுயேச்சையால் ஓடமுடியும். மேளம், மாலை, பிரியாணி எல்லாவற்றையும் வெட்டுங்கள். நோட்டீஸ், ஒரு ஆட்டோ, மைக் செட், பூத் செலவு, இவ்வளவு போதும். நோட்டீஸில் அச்சகத்தின் பெயரும் முகவரியும் கட்டாயம் இருக்க வேண்டும். பணம் தெருவிலேயே திரட்டுங்கள். 200 ரூபாய் கொடுத்தவர் ஓட்டும் போடுவார், நாலு பேரிடம் சொல்லியும் போடுவார். ரசீது புத்தகம் இல்லாமல் ஒரு ரூபாய்கூட வாங்காதீர்கள்.

நாகர்கோவிலிலிருந்து: மனு தள்ளுபடி ஆகாமல் இருக்க என்ன செய்வது?

சுயேச்சை மனுக்கள் பெரிய சட்டப் பிரச்சினையில் விழுவதில்லை, சில்லறை விஷயத்தில் விழும். பிரமாணப் பத்திரத்தில் ஒரு கட்டத்தை வெறுமையாக விட்டிருப்பார்கள். முன்மொழிந்தவரின் வரிசை எண்ணைப் பழைய பட்டியலிலிருந்து எழுதியிருப்பார்கள். சொத்து வரி பாக்கி இருக்கும். நோட்டீஸ் வந்த பிறகும் வரி கட்டாமல் இருந்தால் தகுதியே போகும். உங்கள் பெயரில் மாநகராட்சி ஒப்பந்தம் ஏதாவது ஓடிக்கொண்டிருந்தாலும் நிற்க முடியாது. வரி ரசீதையும் பாக்கியில்லை என்பதற்கான சான்றையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசி நாள் மதியம் வரை காத்திருக்காமல் முதல் இரண்டு நாளிலேயே மனு கொடுங்கள். தவறு இருந்தால் இன்னொரு மனு போட அப்போதுதான் நேரம் இருக்கும். பரிசீலனை நாளில் நீங்கள் கட்டாயம் அங்கே இருக்க வேண்டும்.

ஆவடியிலிருந்து ஒரு அக்கா: சின்னம் எப்போது கிடைக்கும்? முன்கூட்டியே போஸ்டர் அடிக்கலாமா?

அக்கா, சுயேச்சைக்குக் கழுத்தைப் பிடிக்கிற இடம் இதுதான். 2022-ல் பிப்ரவரி 7 வாபஸ் கடைசி நாள். அதற்குப் பிறகுதான் சின்னம் ஒதுக்கினார்கள். 17-ம் தேதி மாலை பிரச்சாரம் ஓய்ந்தது. கையில் இருந்தது பத்தே நாள். கட்சிக்காரருக்குச் சின்னம் தலைமுறையாக மனப்பாடம். நீங்கள் பத்து நாளில் சொல்லித்தர வேண்டும். விரும்புகிற சின்னங்களை வரிசைப்படுத்திக் கொடுக்கலாம். அதையே இன்னொருவரும் கேட்டால் குலுக்கல்.

அதனால் சின்னத்துக்கு முன்பே உங்கள் முகமும் பெயரும் தெருவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். சின்னம் தேர்ந்தெடுக்கும்போது வயதானவர்கள் ஒரே பார்வையில் அடையாளம் காண்கிற பொருளாகப் பாருங்கள். எங்கள் வேட்பாளர் படித்தவர்களுக்குப் பிடிக்கும் என்று மடிக்கணினி கேட்க நினைத்தார், நாங்கள் தடுத்துவிட்டோம். பூட்டு, சாவி, சீப்பு, இந்த மாதிரிதான் வாயால் சொல்லவும் கையால் காட்டவும் சுலபம். நோட்டீஸ் வடிவமைப்பைத் தயாராக வைத்துச் சின்னத்துக்கு மட்டும் இடம் விடுங்கள். ஒதுக்கிய இரவே அச்சுக்குப் போகட்டும்.

சேலத்திலிருந்து: என் பெயரிலேயே இன்னும் இரண்டு பேரை நிறுத்தப் போவதாகப் பேச்சு. என்ன செய்ய?

நிறுத்துவார்கள். உங்களைக் கண்டு பயப்படுகிறார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். தடுக்க வழியில்லை. இயந்திரத்தில் எத்தனையாவது பொத்தான் என்பதைச் சின்னத்தோடு சேர்த்தே சொல்லிக்கொடுங்கள்.

மதுரையிலிருந்து ஐயா ஒருவர்: முதல் நாள் ராத்திரி பட்டுவாடா நடந்தால் ஒரு வருட உழைப்பும் போய்விடாதா?

ஓரளவு போகும் ஐயா. மறைப்பதில் அர்த்தமில்லை. ஆனால் காசு வாங்கிய எல்லோரும் கொடுத்தவருக்கே போடுவதில்லை. இரண்டு பக்கமும் கொடுக்கும் வார்டில் வாங்கியவர் மனம் தானாகவே விடுபடுகிறது, "ரெண்டு பேரும்தான் கொடுத்தாங்க" என்று. அங்கேதான் உங்களுக்கு இடம்.

செய்யக்கூடாதது ஒன்று. காசு வாங்கியவரைக் கேவலமாகப் பேசாதீர்கள். தினக்கூலி வீட்டுக்கு வந்த பணத்தைப் பற்றி மாத சம்பளக்காரர் மேடை போட்டு உபதேசம் செய்தால் அந்தத் தெரு முழுக்க எதிராகத் திரும்பும். சங்கத்து ஆட்கள் அடிக்கடி சறுக்குவது இதில்தான். நாங்கள் "யார் கொடுத்தாலும் உங்கள் விருப்பம், சாக்கடை அடைத்தால் யார் வந்தார்கள் என்பதை மட்டும் நினைத்துக்கொள்ளுங்கள்" என்பதோடு நிறுத்திக்கொண்டோம்.

சென்னை பெரம்பூரிலிருந்து: என்ன வாக்குறுதி கொடுக்கலாம்? தண்ணீர், பட்டா, கரண்ட் எல்லாம் கேட்கிறார்கள்.

கவுன்சிலர் கையில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் வாக்குறுதி கொடுத்தால் ஜெயித்த மறுமாதமே மாட்டுவீர்கள். சென்னையில் குடிநீரும் கழிவுநீரும் மெட்ரோ வாட்டர், அது தனி வாரியம். மழைநீர் வடிகால் மாநகராட்சி. ஒரே தெருவில் இரண்டு மூடி இருக்கும், நிரம்பி வழிவது எது என்பதைப் பொறுத்து அலுவலகம் மாறும். கரண்ட் மின்வாரியம், பட்டா வருவாய்த்துறை. தெருவிளக்கு, குப்பை, உட்புறச் சாலை, பூங்கா, மாநகராட்சிப் பள்ளி, பொதுக் கழிப்பறை, இவைதான் நேரடியாக உங்கள் பேச்சு எடுபடும் இடங்கள்.

இப்போதே செய்யக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன். வார்டில் தெருத்தெருவாக நடந்து புகார்ப் பட்டியல் எடுங்கள். சென்னை மாநகராட்சியின் புகார் எண்ணான 1913-க்குப் புகார் கொடுத்து, எண்ணைக் குறித்து, முடிந்ததா என்று பார்த்து, அந்த வீட்டுக்கே போய்ச் சொல்லுங்கள். பதவி இல்லாமலே தெருவிளக்கு எரிய வைத்தவர் என்று பெயர் வந்தால் அதுதான் உங்கள் தேர்தல் அறிக்கை. 2022-ல் வந்த விதிகளின்படி வார்டு கமிட்டியும், பகுதி மக்கள் கூடிப் பேசும் பகுதி சபாவும் இருக்கின்றன. அந்த ஆண்டு நவம்பர் 1 அன்று பம்மலில் நடந்த பகுதி சபாவில் முதலமைச்சரே கலந்துகொண்டார். உங்கள் பகுதியில் அது ஒழுங்காக நடக்கிறதா, நடந்தால் யார் போகிறார்கள்? நீங்கள் போங்கள், எழுத்தில் கேளுங்கள். சுவரில் ஒட்டும் வாசகம் எல்லாம் அப்புறம்.

கோவையிலிருந்து: கேரளா கிழக்கம்பலம் ட்வென்டி20 மாதிரி இங்கேயும் செய்யலாமா?

2015-ல் கிழக்கம்பலம் ஊராட்சியில் ட்வென்டி20 என்ற அமைப்பு நிறுத்தியவர்கள் 19 வார்டில் 17 ஜெயித்தார்கள், சரிதான். ஆனால் அதன் பின்னால் கிடெக்ஸ் என்ற பெரிய கம்பெனியின் பணமும் நிர்வாகமும் இருந்தன. தெருக்காரர்கள் சேர்ந்து நிற்பதற்கு அது முன்மாதிரி ஆகாது.

கடலூரிலிருந்து: எங்கள் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டால் என் மனைவியை நிறுத்தி நான் வேலை பார்க்கலாமா?

சென்னையில் 200-ல் 100 வார்டு பெண்களுக்கு. மற்ற ஊர்களிலும் பாதி. அதனால் இந்தக் கேள்வி பலருக்கு வரும். தம்பி, உங்கள் மனைவிக்கு விருப்பம் இருக்கிறதா என்று முதலில் அவரைக் கேளுங்கள். உங்கள் தெருவில் மகளிர் குழு நடத்துகிறவர், ரேஷன் கடையில் நியாயம் கேட்கிறவர் யாராவது இருப்பார். அவரைத் தேடிப் போய் நிறுத்திவிட்டு நீங்கள் நோட்டீஸ் கொடுக்கலாமே. சமூகத்துக்காக நிற்கிறோம் என்று சொல்லிவிட்டு "கவுன்சிலர் வீட்டுக்காரர்" என்று கூட்டத்தில் உட்கார்ந்தால் கட்சிக்காரருக்கும் உங்களுக்கும் என்ன வித்தியாசம்?

ஓசூரிலிருந்து: பூத்துக்கு எத்தனை ஆள் தேவை?

ஒவ்வொரு பூத்துக்கும் உள்ளே ஒரு ஏஜென்ட், மாற்றுக்கு ஒருவர். காலையில் மாதிரி வாக்குப்பதிவு நடக்கும்போதே உள்ளே இருக்க வேண்டும். உள்ளூர் ஆளாக இருந்தால்தான் கள்ள ஓட்டுக்கு வருகிறவரை முகம் பார்த்துச் சொல்ல முடியும். எண்ணும் இடத்துக்குக் கணக்கில் கெட்டியானவரை அனுப்புங்கள், சண்டைக்காரரை அல்ல.

திருநெல்வேலியிலிருந்து: ஜெயித்தால் ஆளுங்கட்சியில் சேரச் சொல்லி நெருக்குவார்களே?

நெருக்குவார்கள். மேயரையும் தலைவரையும் கவுன்சிலர்களே தேர்ந்தெடுப்பதால், இழுபறியான இடத்தில் முடிவு வந்த அன்றே உங்கள் வீட்டு வாசலில் கார் நிற்கும். கேரளாவில் 1999-ல் வந்த கட்சித்தாவல் சட்டம் உள்ளாட்சி உறுப்பினர்களையும் கட்டும். சுயேச்சையாக ஜெயித்தவர் கட்சியில் சேர்ந்தால் பதவி போகும். நம் ஊரில் அந்தத் தடை இல்லை, அதனால் இழுப்பும் அதிகம். "சேர்ந்தால்தான் வார்டுக்கு வேலை நடக்கும்" என்று சொல்வார்கள். முழுப் பொய்யும் இல்லை அது. மன்றத்தில் மேயருக்கு ஓட்டுப் போடுவது வேறு, துண்டு மாற்றுவது வேறு. எந்தத் தீர்மானத்துக்கு ஆதரவு, எதற்கு இல்லை என்பதை நிறுத்திய தெருக்காரர்களை வைத்து முன்பே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். கவுன்சிலர் மதிப்பூதியம் 2023-லிருந்து மாநகராட்சியில் மாதம் 10,000 ரூபாய், பேரூராட்சியில் 2,500. இதில் வீட்டுச் செலவு நடக்காது. வேறு வருமானம் இருப்பவரைத்தான் நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் அந்த நெருக்கடியைத் தாங்கமாட்டார்.

விழுப்புரத்திலிருந்து: தோற்றுவிட்டால் அப்படியே விட்டுவிடலாம்தானே?

விட முடியாது. முடிவு அறிவித்த 30 நாளுக்குள் செலவுக் கணக்கைக் கொடுத்தாக வேண்டும். கொடுக்காதவர்களைத் தேர்தல் ஆணையம் மூன்று ஆண்டு போட்டியிடத் தடை செய்யும். தோற்ற சுயேச்சைகள்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள், ஆட்டோ வாடகை ரசீதை யார் தேடுவது என்று. பிரச்சாரம் தொடங்கும் நாளே ஒரு நோட்டும் ஒரு கவரும் வாங்கி, கணக்கு எழுதுவதற்கென்று ஒருவரை உட்காரவையுங்கள். ரசீதுகள் அந்தக் கவருக்குள்ளேயே கிடக்கட்டும்.