நன்றி நோட்டு என்ன செய்யும், என்ன செய்யாது: குழந்தைக்காகக் காத்திருப்பவர்களின் கேள்விகளுக்குப் பதில்

குழந்தைக்காகப் பதினோரு வருடம் சிகிச்சை எடுத்தவள் நான். நான்கு ஐயூஐ (விந்தணுவைக் கருப்பைக்குள் செலுத்துவது), மூன்று ஐவிஎஃப் (கருவை வெளியே உருவாக்கிக் கருப்பையில் வைப்பது). குழந்தை இல்லை. அதற்குப் பிறகு ஆலோசகர் படிப்பு முடித்தேன். இப்போது ஒன்பது வருடமாக, இதே சிகிச்சைக்கு வருகிறவர்களோடு உட்கார்ந்து பேசுவதுதான் என் வேலை. வாரம் ஒருமுறை ‘நன்றி நோட்டு’ எழுதச் சொல்வேன். அதைப் பற்றி வந்த கேள்விகள் இவை.

அக்கா, கல்யாணமாகி ஐந்து வருடம். “இருக்கிறதை நினைச்சு சந்தோஷப்படு” என்று எல்லோரும் சொல்கிறார்கள். கேட்டாலே எரிகிறது. நீங்களும் அதைத்தான் சொல்கிறீர்களா? (ஈரோடு, 31 வயது)

இல்லைம்மா. அவர்கள் சொல்வது “அழாதே, எங்களுக்குச் சங்கடமாக இருக்கிறது” என்பதைத்தான், கொஞ்சம் மரியாதையாக. எனக்கும் சொன்னார்கள். “வீடு இருக்கு, தங்கமான புருஷன் இருக்கார், அப்புறம் என்ன?” என்று.

1993இல் அமெரிக்காவில் உளவியலாளர் ஆலிஸ் டோமர் குழுவினர் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். குழந்தையில்லாத பெண்களின் மனச்சோர்வும் பதற்றமும், புற்றுநோயாளிகளுக்கும் இதய நோயாளிகளுக்கும் இருக்கும் அளவிலேயே இருந்தன. புற்றுநோய் வந்தவரிடம் போய் “இருக்கிறதை நினைச்சு சந்தோஷப்படு” என்று யாரும் சொல்வதில்லையே.

அதனால் என்னிடம் வருகிறவர்களை நோட்டின் இடது பக்கத்தில் வலியை எழுதச் சொல்வேன். யார் என்ன கேட்டார்கள், எந்த வார்த்தை குத்தியது, எல்லாவற்றையும். வலது பக்கம் நன்றிக்கு. இடது பக்கம் வழிந்து, வலது பக்கம் காலியாகவே இருந்தாலும் அந்த வாரக் கணக்கு சரிதான். வலது பக்கத்தை மட்டும் எழுதுகிறவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

விந்தணு எண்ணிக்கை குறைவு எனக்குத்தான். மனைவி யாரிடமும் சொல்லாமல் பழியை அவளே வாங்கிக்கொள்கிறாள். நன்றி சொல்ல வாயெடுத்தால் குற்ற உணர்ச்சிதான் வருகிறது. (திருச்சி, 36 வயது)

தம்பி, குழந்தையில்லாத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஆண் பக்கக் காரணமும் இருக்கிறது. ஆனால் “விசேஷம் உண்டா?” என்ற கேள்வி மட்டும் பெண்ணிடம்தான் போகும்.

குற்ற உணர்ச்சி வருவது இயல்பு. அதிலேயே நின்றுவிட்டால் உங்கள் மனைவி உங்களையும் சேர்த்துத் தேற்ற வேண்டியதாகிவிடும். பொத்தாம்பொதுவாக “எல்லாத்துக்கும் தேங்க்ஸ்” என்று சொல்லாதீர்கள். எந்த நாள், யார் கேட்டார்கள், அவர் என்ன பதில் சொல்லிச் சமாளித்தார் என்று நடந்ததைச் சொல்லி நன்றி சொல்லுங்கள். அடுத்த முறை உங்கள் அம்மா பேச்செடுத்தால் “டாக்டர் எனக்குத்தான் மருந்து கொடுத்திருக்கார்” என்று நீங்களே வாயைத் திறங்கள். நூறு தேங்க்ஸைவிட அந்த ஒரு வரி பெரிது.

என் இரண்டாவது ஐவிஎஃப் சமயத்தில் கரு தங்க உதவும் எண்ணெய் ஊசி, தினமும் இரவு. மருந்து கெட்டியாக இருக்கும், இறங்க நேரமாகும். போட்ட இடம் மறுநாள் கட்டிக்கொள்ளும். என் கணவர் வாய்விட்டு ஆறுதல் சொல்லத் தெரியாதவர். சாப்பிட உட்காரும்போதே அந்த மருந்துக் குப்பியை இடது கையில் பொத்திக்கொள்வார். கைச்சூட்டில் இளகினால் வலி குறையும் என்று நர்ஸ் சொல்லியிருந்தார். ஒரு கையாலேயே தோசையைப் பிய்த்துச் சாப்பிடுவார். அந்த முறையும் கரு தங்கவில்லை. அந்த இடது கையைப் பற்றி நோட்டில் இரண்டு பக்கம் எழுதினேன்.

தினமும் எழுதினேன். மூன்றே வாரத்தில் அலுத்துவிட்டது. கணவர், காபி, வேலை என்று அதையேதான் எழுதுகிறேன். (சென்னை, 29 வயது)

அது மளிகை லிஸ்ட்!

தினமும் வேண்டாம். உளவியலாளர்கள் ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ இருவரும் 2003இல் வெளியிட்ட ஆய்வுகளில் ஒன்றில், வாரத்துக்கு ஒருமுறை அதிகபட்சம் ஐந்து விஷயம் என்று பத்து வாரம் எழுத வைத்தார்கள். எரிச்சலூட்டியவற்றை எழுதியவர்களைவிட, நன்றி எழுதியவர்கள் தங்கள் வாழ்க்கையைப் பற்றி நல்லபடியாக உணர்ந்தார்கள். இன்னொரு உளவியலாளர் சோன்யா லுபோமிர்ஸ்கியின் ஆய்வில் வாரம் ஒருமுறை எழுதியவர்களுக்குப் பலன் தெரிந்தது, மூன்று முறை எழுதியவர்களுக்குத் தெரியவில்லை. மருந்தானாலும் அளவு உண்டு.

‘காபி’ என்று எழுதாமல், யார் போட்டார்கள், எத்தனை மணிக்கு, நீங்கள் எந்த நிலையில் இருந்தீர்கள் என்று எழுதிப் பாருங்கள். பழந்தமிழில் நன்றி என்றால் ஒருவர் செய்த நன்மைதான். அதனால்தான் ‘செய்ந்நன்றி அறிதல்’ என்றார்கள். நம் வேலை அறிவது மட்டும்தான்.

என் மருமகளுக்கு ஆறு வருடமாகக் குழந்தை இல்லை. திருக்கருகாவூர் கோயில் நெய்யும் வாங்கிக் கொடுத்தோம். மனசைச் சந்தோஷமாக, நன்றியோடு வைத்திருந்தால் கரு தங்கும் என்கிறார்களே, உண்மையா? (மதுரை, 58 வயது)

அம்மா, நீங்கள் கேட்டதற்கே உங்களுக்கு ஒரு கும்பிடு. இந்தக் கேள்வியை மாமியார்கள் கேட்டு நான் அதிகம் பார்த்ததில்லை.

உண்மை இல்லை. 14 ஆய்வுகளில் இருந்த 3,500க்கும் மேற்பட்ட பெண்களின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்து 2011இல் ஒரு கட்டுரை வந்தது. சிகிச்சைக்கு முன் மனவேதனையோடு இருந்தவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும், அந்தச் சுற்றில் கரு தங்குவதில் வித்தியாசம் இல்லை. ஆகவே “நீ கவலைப்படுறதாலதான் தங்கல” என்று யாரும் சொல்ல விடாதீர்கள். தோற்றதும் அல்லாமல், தோற்றது அவள் மனசால்தான் என்ற பழியும் அவள் தலையில் விழும்.

நெய் கொடுத்தது தப்பே இல்லை. வேண்டுதல் நிறைவேறியதும் நேர்த்திக்கடன் செலுத்துகிறோம், அது ஒரு கணக்கு. நன்றி நோட்டில் அந்தக் கணக்கு இல்லை. இவ்வளவு எழுதினால் இவ்வளவு கிடைக்கும் என்று எழுதினால், அரசமரத்தைச் சுற்றிவிட்டு அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்த கதைதான். மாதா மாதம் மருமகள் தலைக்குக் குளித்தாளா என்று பார்க்காமல் இருங்கள். அவள் தன் நோட்டில் உங்கள் பேரை எழுதுவாள்.

நாத்தனாருக்கு வளைகாப்பு. போகாவிட்டால் பொறாமை என்பார்கள். போனால் உடைந்துவிடுவேன். (கோவை, 33 வயது)

போகாதீர்கள். போயே ஆக வேண்டும் என்றால் காலையிலேயே போய் வளையல், பூ, பழத்தைக் கொடுத்துவிட்டு, வளையல் அடுக்கும் நேரத்துக்கு முன் பஸ் ஏறிவிடுங்கள். சில வீடுகளில் நம்மை நலங்கு வைக்கக் கூப்பிட மாட்டார்கள். சில வீடுகளில் “அடுத்தது உனக்குத்தான்” என்று கைநிறைய வளையல் போட்டுவிடுவார்கள். எது அதிகம் வலிக்கும் என்று இன்றுவரை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அன்றைக்கு வலது பக்கம் எழுத வேண்டாம்.

கரு வைத்து ஆறு நாள் ஆகிறது. பீட்டா ரிசல்ட் (கரு தங்கியதா என்று காட்டும் ரத்தப் பரிசோதனை முடிவு) வரும்வரை என்ன எழுதுவது? (நாமக்கல், 35 வயது)

வயிற்றைத் தவிர எதையாவது. லேசாக இழுத்துப் பிடிக்கிறது, மார்பு கனக்கிறது என்று ஒவ்வொன்றாகக் குறித்து அர்த்தம் தேடாதீர்கள். கரு தங்குவதற்காக நீங்கள் போட்டுக்கொள்ளும் ப்ரொஜெஸ்டிரோன் ஹார்மோன் மருந்தே அதையெல்லாம் செய்யும்.

ரிசல்ட் எதுவானாலும், தூக்கம் போய், சோறு இறங்காமல், இருந்து என்ன பயன் என்ற எண்ணம் தலைகாட்டினால் நோட்டை மூடி வைத்துவிட்டு 14416க்குப் போன் செய்யுங்கள். டெலி மானஸ் என்ற மனநல உதவி எண், அரசு நடத்துவது, இலவசம், எந்த நேரமும் பேசலாம், தமிழில் பேசுவார்கள். சிகிச்சை எடுக்கும் இடத்திலும் ஆலோசகரைக் கேளுங்கள். கருத்தரிப்புச் சிகிச்சை பற்றிய 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி அது அவர்கள் செய்ய வேண்டியது, உங்களுக்குக் காட்டும் சலுகை அல்ல.

கேட்கக் கூடாதுதான், ஆனாலும் கேட்கிறேன். குழந்தையும் பிறக்கவில்லை, இன்னமும் எழுதுகிறீர்களா? போன வாரம் என்ன எழுதினீர்கள்? (வேலூர், 30 வயது)

எழுதுகிறேன், வியாழக்கிழமை ராத்திரியில்.

இடது பக்கம்: சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் ஆரத்தி எடுக்க என்னைக் கூப்பிட்டார்கள். நான் எழுந்து நடப்பதற்குள் யாரோ காதில் ஏதோ சொல்ல, வேறு பெண்ணைக் கூப்பிட்டார்கள்.

வலது பக்கம்: தண்ணீர் லாரி வந்தபோது நான் வீட்டில் இல்லை. கீழ்வீட்டு அக்கா என் மூன்று குடத்தையும் தன் குடங்களோடு வரிசையில் வைத்து நிரப்பியிருந்தார். பச்சைக் குடத்தின் வாய் உடைந்து கையைக் கிழிக்கும். அதில் பழைய துணியைச் சுற்றிக் கட்டியிருந்தார்.