டி.எஸ்.எச். 6.2: மாத்திரையைத் தொடங்கிவிடலாமா?

கேள்வி: ஹட்டனுக்குப் பக்கத்துத் தோட்டத்தில் இருக்கிறேன், வயது 34. எந்நேரமும் அசதி, முடியும் கொட்டுகிறது. டவுனில் தனியார் லேப் ஒன்றில் இரத்தம் கொடுத்துப் பார்த்தேன். தைரொயிட் பரிசோதனையில் டி.எஸ்.எச். 6.2, கூடுதல் என்று குறித்திருக்கிறார்கள். எஃப்.டி.4 1.1. பக்கத்து வீட்டு அக்கா, தான் குடிக்கும் தைரொக்சின் மாத்திரையைத் தருகிறேன் என்கிறார். குடிக்கலாமா?

பதில்: வேண்டாம் சகோதரி. அந்த மாத்திரையின் அளவு அக்காவின் உடம்புக்குப் பார்த்துக் கொடுத்தது. தேவையில்லாதவர் குடித்தால் நெஞ்சு படபடக்கும், நாளடைவில் எலும்பும் தேயும்.

டி.எஸ்.எச். என்பது கழுத்திலுள்ள தைரொயிட் சுரப்பியில் சுரப்பதல்ல, மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி அனுப்புவது. மலையில் வேலை சுணங்கினால் கங்காணி சத்தம் கூட்டுவாரே, அதுபோலத் தைரொயிட் சுணங்கும்போது இது கூடும். பெரியவர்களுக்கு வழமையான அளவு ஏறக்குறைய 0.4 முதல் 4 வரை. உங்களுடையது கொஞ்சம்தான் கூட. உடம்புக்கு ஹோர்மோன் போதுமா என்பதைச் சொல்லும் எஃப்.டி.4 உங்களுக்குச் சரியாகவே இருக்கிறது.

அக்காவின் ரிப்போர்ட்டில் எஃப்.டி.4 14 என்று இருந்தால் பதற வேண்டாம். சில லேப்கள் டெசிலீற்றருக்கு நனோகிராமிலும் சில லீற்றருக்கு பிக்கோமோலிலும் எழுதும். முதலாவதை ஏறக்குறைய 13ஆல் பெருக்கினால் இரண்டாவது வரும். உங்கள் 1.1ம் அந்த 14ம் ஒன்றுதான். எண்ணை மட்டும் பார்க்காமல் பக்கத்திலுள்ள அலகையும் அந்த லேப் அச்சிட்டிருக்கும் வழமை அளவையும் சேர்த்துப் பாருங்கள்.

இப்படிக் கொஞ்சம் கூடிய டி.எஸ்.எச். பலருக்குத் தானாகவே இறங்கிவிடும். காய்ச்சல் வந்து தேறும்போதும் கூடலாம், அதிகாலையில் எடுத்தாலும் கூடுதலாகக் காட்டும். அதனால் இரண்டு மூன்று மாதம் கழித்து, அதே லேபில், முன்பு கொடுத்த அதே நேரத்தில் டி.எஸ்.எச்., எஃப்.டி.4 இரண்டையும் மறுபடி பாருங்கள். கூடவே, உடம்பே தைரொயிட்டைத் தாக்குகிறதா என்று காட்டும் டி.பி.ஓ. எதிர்ப்பொருளை ஒரு தடவை பார்த்தால் போதும். நீளமான பெக்கேஜுக்குக் காசைக் கொட்டாதீர்கள். முடிக்கென்று பயோட்டின் மாத்திரை குடிப்பவரானால் இரண்டு நாளாவது முன்பே நிறுத்துங்கள், அது ரிசல்ட்டைப் பிழையாகக் காட்டும். டி.எஸ்.எச். 10ஐத் தாண்டினாலோ எஃப்.டி.4 குறைந்தாலோதான் பெரும்பாலும் மாத்திரைப் பேச்சு.

அசதிக்கு வருவோம். இந்த 6.2தான் காரணம் என்று நான் நினைக்கவில்லை. உங்கள் வயதுப் பெண்களுக்கு முதலில் பார்க்க வேண்டியது இரும்புச்சத்து. மாதவிடாய் அதிகமா? ரொட்டியோடு சேர்த்துத் தேத்தண்ணி குடிக்கிற பழக்கமா? தேயிலை இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது, ஒரு மணித்தியாலமாவது தள்ளிக் குடியுங்கள். ஹீமோகுளோபின், உடம்பில் சேமிப்பிலுள்ள இரும்புச்சத்தைக் காட்டும் ஃபெரிட்டின் இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்குப் போனால் காசில்லாமலே டொக்டரிடம் காட்டலாம்.

இவ்வளவும் கர்ப்பமாக இல்லாதவருக்கு. பிள்ளை தங்கியிருந்தாலோ, அதற்கு முயற்சி செய்துகொண்டிருந்தாலோ இரண்டு மாதம் காத்திருக்கக் கூடாது. ரிப்போர்ட்டோடு இந்தக் கிழமையே டொக்டரைப் பாருங்கள்.