பி.எஸ்சி. கெமிஸ்ட்ரியும் தவிட்டு எண்ணெயும்: மன்னார்குடி அப்பா ஒருவருக்குப் பதில்

ஐயா, எண்ணெயிலிருந்து பிளாஸ்டிக், பெயிண்டுக்கான பொருள் செய்யும் வேதியியலில் மகளுக்கு ஆசை, பி.எஸ்சி. கெமிஸ்ட்ரியில் சேர்க்கலாமா என்கிறீர்கள். தாராளமாகச் சேர்த்துவிடுங்கள். ஆனால் கல்லூரிக் கட்டடத்தைப் பார்க்காமல் லேபைப் பார்த்து முடிவெடுங்கள். இந்தத் துறையில் சோறு போடுவது டைட்ரேஷன் (கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளவு காணும் முறை) பழகிய கை.

உங்கள் ஊர் மில்லில் வரும் தவிட்டையே எடுத்துக்கொள்வோம். நெல் அரைத்த சில மணி நேரத்திலேயே தவிட்டிலுள்ள லைபேஸ் நொதி எண்ணெயை உடைத்து அமிலமாக்கத் தொடங்கும். உடனே சூடாக்கி நொதியை அடக்காவிட்டால் எண்ணெயின் அமில எண் (அதில் எவ்வளவு அமிலம் என்று காட்டும் அளவு) ஏறிவிடும். பிறகு சுத்திகரிப்பில் நஷ்டம்தான்.

சுத்திகரித்த எண்ணெயை எபாக்சியாக்கினால், அதாவது அதன் இரட்டைப் பிணைப்புகளில் ஆக்சிஜனைச் சேர்த்து வளையமாக்கினால், பிவிசியை மிருதுவாக்கும் பொருளாகப் பயன்படும். அயோடின் எண் (இரட்டைப் பிணைப்பு எவ்வளவு என்று காட்டும் அளவு) 100 உள்ள 100 கிராம் எண்ணெயில் சுமார் 0.39 மோல் இரட்டைப் பிணைப்பு இருக்கும். அதற்கு 9 கிராம் ஃபார்மிக் அமிலம், 30% ஹைட்ரஜன் பெராக்சைடு சுமார் 67 கிராம், 50–60 டிகிரி சூடு. பெராக்சைடைச் சொட்டுச் சொட்டாகத்தான் விட வேண்டும். மொத்தமாக ஊற்றினால் சூடு கைமீறும். இது ஆசிரியர் மேற்பார்வையில், லேபில் மட்டும் செய்யும் வேலை.

அயோடின் எண் இறங்கியதும் வினை முடிந்தது என்று பல மாணவர்கள் நிறுத்திவிடுகிறார்கள். அமிலமும் நீரும் சேர்ந்து, உருவான எபாக்சி வளையத்தையே உடைத்திருக்கலாம். 5.9% வர வேண்டிய ஆக்சிரேன் ஆக்சிஜன் (எபாக்சி வளையத்திலுள்ள ஆக்சிஜன்) 4 சதவீதத்தில் நின்றால் அதுதான் காரணம். இரண்டையும் அளந்து பார்க்கத் தெரிந்த பெண்ணை எந்த கம்பெனி லேபும் விடாது.

இந்த வினையை வேகப்படுத்த வழக்கமாகச் சேர்க்கும் கந்தக அமிலத்துக்குப் பதில், வடிகட்டி மறுபடி பயன்படுத்தும் அயனிப் பரிமாற்றப் பிசின் (அமிலத்தன்மை கொண்ட பிளாஸ்டிக் மணிகள்), அல்லது லைபேஸ் நொதி: பசுமை முறை என்பது இதுதான். தவிட்டைக் கெடுத்த அதே வகை நொதி இங்கே வேலைக்காரன். ஆனால் பெராக்சைடு அதிகமானால் நொதி செத்துவிடும்.

பி.எஸ்சி. முடித்து ஜாம் என்ற நுழைவுத் தேர்வு எழுதி ஐஐடியில் எம்.எஸ்சி. போகலாம். பிளஸ் டூவில் கணிதம் படித்திருந்தால் பொறியியல் வழியும் உண்டு: திருச்சி என்ஐடி, சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் ஏ.சி.டெக், காரைக்குடி சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம்). எண்ணெய்த் தொழில்நுட்பத்தையே தனிப் பட்டமாகப் படிக்க மும்பை ஐசிடி (வேதியியல் தொழில்நுட்ப நிறுவனம்), கான்பூர் எச்பிடியு (தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்). தஞ்சாவூர் நிஃப்டெம் (உணவுத் தொழில்நுட்ப நிறுவனம்), தவிடு பதப்படுத்துவதில் நாட்டமிருந்தால்.

டெல்டாவிலேயே வேலை கிடைக்கும் என்று நம்பிவிடாதீர்கள். கடலூர் சிப்காட், மணலி, குஜராத் வரை போக மனதைத் தயார்படுத்துங்கள். அட்மிஷனுக்கு முன் துறைத் தலைவரிடம் ஒன்றைக் கேளுங்கள்: டைட்ரேஷன் செய்யும் அளவுக் குழாயான ப்யூரெட் ஒன்றுக்கு எத்தனை மாணவர்கள்?