வின்ஸ்டன்லியின் மாடுகள் (கடிதமும் பதிலும்)

வணக்கம் ஐயா,

பூமி எல்லோருக்கும் பொது என்று சொல்லி 1649-இல் நிலத்தைக் கொத்திப் பயிரிட்ட இங்கிலாந்தின் டிக்கர்கள் (கொத்துகிறவர்கள்) பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். எனக்கு ஓர் உறுத்தல். அடுத்தவன் நிலத்தில் போய்க் கொத்திவிட்டு, பூமி எல்லோருக்கும் பொது என்றால் அது ஆக்கிரமிப்புதானே? ஓராண்டில் விரட்டப்பட்டவர்களுக்கு இவ்வளவு பெரிய இடம் தேவையா?

கே., மதுரை

அன்புள்ள கே.,

'அடுத்தவன் நிலம்' என்கிறீர்கள். அங்கிருந்தே தொடங்குகிறேன். 1649 ஏப்ரல் 1 அன்று ஜெரார்ட் வின்ஸ்டன்லி, வில்லியம் எவரார்ட் குழுவினர் கொத்திய இடம் யாருடைய வயலும் அல்ல. சர்ரே பகுதியில் உள்ள செயின்ட் ஜார்ஜ் குன்று, புதர் மண்டிய மணல் பூமி. பெயர் பண்ணையாருடையது, மாடு மேய்க்கவும் விறகு பொறுக்கவும் ஊராருக்கு வழிவழியாக உரிமை உண்டு. மேய்ச்சல் புறம்போக்கு என்றால் நமக்குப் புரியும், பண்ணையார் ஒருவரும் அதற்கு இருந்தார் என்பதுதான் வேறுபாடு. அங்கே பார்ஸ்னிப் கிழங்கும் கேரட்டும் பீன்ஸும் விதைத்தார்கள்.

நாடாளுமன்றத்தோடு போரிட்டுத் தோற்ற மன்னர் முதலாம் சார்ல்ஸின் தலை விழுந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. அடுத்தடுத்து விளைச்சல் பொய்த்து ரொட்டி விலை ஏறியிருந்த நேரம். போருக்கு வரி கட்டிய, படையினருக்குச் சோறு போட்ட ஏழைக்கு வெற்றியில் பங்கு எங்கே என்று வின்ஸ்டன்லி கேட்டார். பண்ணையார்களின் மூலப்பத்திரத்தைத் தேடிப் போனால் அது 1066-இல் படையெடுத்து வந்த நார்மண்டி வில்லியமின் வாளில் போய் நிற்கும் என்பது அவர் வாதம். ஆனாலும் வேலி போட்ட எவர் நிலத்தையும் தொடமாட்டோம் என்று நாடாளுமன்றப் படையின் தளபதி ஃபேர்ஃபாக்ஸிடம் நேரிலேயே சொன்னார்கள், எல்லோரும் சமம் என்று காட்டத் தலையில் தொப்பியைக் கழற்றாமல்.

அப்புறம் வழக்கு வந்தது. வக்கீல் வைக்க மறுத்தார்கள், அபராதம் விழுந்தது. வின்ஸ்டன்லி லண்டனில் துணி வியாபாரத்தில் நொடித்து, சர்ரேயிலேயே காபம் என்ற ஊர்ப் பக்கம் மாடு மேய்த்துப் பிழைத்தவர். அபராதத்துக்காக அவர் மேய்த்துவந்த மாடுகளை நீதிமன்ற ஆட்கள் ஓட்டிப்போனார்கள். தடியால் அடித்ததில் அவற்றின் தலையும் விலாவும் வீங்கிவிட்டன. அந்த மாடுகள் குன்றுப் பக்கமே போனதில்லை, எனக்குப் பால் கொடுத்ததைத் தவிர அவை என்ன செய்தன என்று வின்ஸ்டன்லி எழுதினார். அவரை எனக்கு நெருக்கமாக்கிய வரி அதுதான்.

குன்றைவிட்டு காபத்தின் லிட்டில் ஹீத்துக்குப் போய், குளிர்காலத்தோடு போராடி 11 ஏக்கரில் தானியம் விதைத்தார்கள். ஆறேழு வீடுகளும் எழுந்தன. 1650 ஏப்ரலில் பாதிரியார் ஜான் பிளாட் ஆட்களோடு வந்து வீடுகளைக் கொளுத்தினார். அவரும் அங்கே நிலம் உள்ளவர்தான்.

உங்கள் பக்கம் ஒரு நியாயம் உண்டு. செயின்ட் ஜார்ஜ் குன்றில் இவர்களை அடித்தவர்களில் உள்ளூர் விவசாயிகளும் இருந்தார்கள். கொத்திப் பயிரிட்டுவிட்டால் தங்கள் மாட்டுக்கு மேய்ச்சல் ஏது என்ற பயம் அவர்களுக்கு. அந்தப் பயம் பொய்யில்லை. அவர்களை முதலிலேயே அழைத்துப் பேசி உடன் சேர்த்திருக்க வேண்டும் என்றே நினைக்கிறேன்.

சரி, ஆக்கிரமிப்புக்கு வருவோம். 1604 முதல் 1914 வரை நாடாளுமன்றம் 5,200-க்கும் மேற்பட்ட சட்டங்கள் போட்டு ஊரார் பொதுவில் பயன்படுத்திய ஏறத்தாழ 68 லட்சம் ஏக்கரைத் தனியார் வேலிக்குள் கொண்டுவந்தது. இங்கிலாந்தின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். பொதுவில் மாடு மேய்த்துப் பழகிய எத்தனையோ குடும்பங்கள் வெறும் கூலிகளாயின. மேய்ச்சலுக்காக டிக்கர்களை அடித்த விவசாயியின் வழிவந்தவர்கள் மேய்ச்சலை இழந்தது வேலியால், மண்வெட்டியால் அல்ல. டிக்கர்கள் விதைத்தது 11 ஏக்கர். ஆக்கிரமிப்பு என்ற சொல்லை எனக்கு அவர்கள் மேல் வைக்க மனம் வரவில்லை.

செயின்ட் ஜார்ஜ் குன்று இன்று காவலும் கதவும் போட்ட பணக்காரர்களின் குடியிருப்பு. கோல்ஃப் மைதானமும் உண்டு. 350-ஆம் ஆண்டை ஒட்டி 1999-இல் சிலர் வின்ஸ்டன்லிக்கு ஒரு நினைவுக் கல்லை அங்கே கொண்டுபோனார்கள். குன்றில் அதற்கு இடம் கிடைக்கவில்லை. வேப்ரிட்ஜ் ரயில் நிலையத்துக்கு அருகே நிற்கிறது.